தீப்பெட்டி யானையின் வெள்ளைப் பக்கம்

ஆவாரங்குளத்தில் எழுபது வயதைத் தாண்டினால் சிலருக்கு முழங்கால் போகும், சிலருக்குக் காது போகும், சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு மட்டும் படத்தில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். எப்போதிருந்து இப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் "ஏன்னா என்ன, வயசாச்சுல்ல" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தவசிலிங்கத்துக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பல் தேய்த்துக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்தபோது, துவைகல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டகம் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. உயரம் நிஜ ஒட்டகத்தின் உயரம், கனம் மட்டும் காகிதத்தின் கனம். அந்தக் காலத்து அச்சகங்களில் லேபிளுக்கு ஒவ்வொரு நிறமாக அடிப்பார்கள், அவசரத்தில் ஒரு நிறம் கொஞ்சம் விலகி விழும், அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் இந்த ஒட்டகத்தின் கறுப்புக் கோடு ஓரிடத்திலும் அதன் மஞ்சள் ஒரு சாண் தள்ளியும் நின்றன. அது நடந்தால் கோடு முன்னால் போனது, மஞ்சள் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி சண்முகவடிவு காப்பித் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது வீட்டுக்குள்ள வருமா?"

"எப்படி வரும்? ஒட்டகம்ல."

"காகிதம்தானே. கதவிடுக்கு வழியாவே வந்துரும். அடுப்புப் பக்கம் வராம பாத்துக்கங்க, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பரண் மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கிப் பார்த்தார் தவசிலிங்கம். மற்ற படங்கள் எல்லாம் இருந்தன. ஒட்டகம் இருந்த லேபிளில் மட்டும் ஒரு பனைமரமும் கொஞ்சம் மணலும் கம்பெனி பெயரும் மிச்சமிருந்தன. அடுத்தடுத்த வாரங்களில் யானை வந்தது, கிளி வந்தது, இரண்டு மான்கள் கொம்பு சிக்கியபடி வந்தன, கடைசியில் கதவளவுக்குப் பெரிய பூட்டு ஒன்று வந்து கிணற்றடியில் சாய்ந்துகொண்டது, அதற்குச் சாவி இல்லை.

ஊருக்கு இது புதிதில்லை என்பதால் யாரும் கூட்டம் கூடவில்லை. எதிர்ச் சந்தில் தையல்கடை வைத்திருக்கும் மரியசூசைக்கு இரண்டு வருஷம் முன்பே காண்டாமிருகமும் சேவலும் வந்துவிட்டிருந்தன. அவர் கழுத்தில் இஞ்சுடேப்போடு வந்து ஒட்டகத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பரவாயில்ல மச்சான். ஆனா என் காண்டாமிருகம் வந்தப்ப சாத்தூர்லருந்து பஸ் புடிச்சி வந்து பாத்தாங்க."

"உன் காண்டாமிருகத்தைப் பாக்க வரலவே. உன்கிட்ட குடுத்த ரவிக்கைத் துணி என்னாச்சுன்னு கேக்க வந்தாங்க."

இருவரும் சிறுவர்களாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டு, கொட்டகை வாசல், டீக்கடை பெஞ்சின் அடி என்று ஒரு இடம் விடாமல் குனிந்து நடந்தே வளர்ந்தவர்கள். காலிப் பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை நகம் படாமல் உரித்து, சிலேட்டில் ஒட்டிக் காயவைத்து எடுப்பார்கள். ஒரு காண்டாமிருகத்துக்கு இரண்டு ஒட்டகம் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய நடப்பு. தவசிலிங்கத்திடம் ஒரு ஒட்டகம்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷமாக மரியசூசை அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

வெளியே வந்தவை சாப்பிடுவதில்லை, சாணி போடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. ஆகவே தெருவுக்கு அவற்றால் பெரிய தொந்தரவு இல்லை, சின்னத் தொந்தரவுகள்தான். ஆடிக் காற்றில் அவிழ்த்துவிட்டால் பறந்துவிடும். முதல் வருஷம் தவசிலிங்கம் அது தெரியாமல் இருந்துவிட்டார், யானை எழும்பித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய் மின்கம்பியில் தொங்கியது. மின்வாரியத்து ஆள் கம்பத்தில் ஏறி அதன் காதைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்து, "யானை உங்களுதா? ஒரு கல்லைக் கட்டி வைக்கக் கூடாதா? அரை நாள் கரண்டை நிறுத்த வேண்டியதாப் போச்சு" என்று கடிந்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஆடி மாதம் முழுக்க அந்தத் தெருவில் யானைக்கும் ஒட்டகத்துக்கும் காலில் செங்கல் கட்டியிருக்கும். மழை வந்தால்தான் உண்மையான பயம். மேகம் கறுத்ததும் மொட்டைமாடிகளில் பெண்கள் குரல் கொடுப்பார்கள். "ஏ, வத்தலை அள்ளு, துணியை எடு, ஒட்டகத்தை உள்ள விடு!" என்று அந்த வரிசையில்தான் கேட்கும். யார் வீட்டு மிருகம் என்று பாராமல் யார் கையில் பட்டாலும் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்துவார்கள். ஒருமுறை கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது தூறல் போட்டது, மாப்பிள்ளை வீட்டார் எழுந்து ஓடி மானைப் பிடித்து வந்த பிறகுதான் பாயசம் பரிமாறினார்கள்.

ஒரே ஒரு பெரிய தகராறு இருந்தது. லேபிளில் ஒரு பக்கம்தான் அச்சு இருக்கும், மறுபக்கம் வெறும் வெள்ளை, அங்கங்கே காய்ந்த பசையின் தடம். மிருகங்களும் அப்படியே. காலையில் அவை வடக்கே கண்மாய்ப் பக்கம் பார்த்துத் தெருவில் நிற்கும்போது மேலவரிசை வீடுகளுக்கு வண்ணம் தெரிந்தது, கீழவரிசைக்காரர்களுக்கு வாசல் முழுக்க வெள்ளைக் காகிதம்தான் தெரிந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது கீழவரிசைக்கு வண்ணம் தெரியும்தான், ஆனால் அது சீரியல் நேரம், வாசலுக்கு யார் வருவார்கள்? கீழவரிசையில் டீக்கடை வைத்திருக்கும் செவத்தையா முறையிட்டு, வார்டு மெம்பர் இசக்கியம்மாள் வந்து விசாரித்து, மத்தியானத்தில் எல்லாவற்றையும் தெற்கே பார்த்துத் திருப்பி நிறுத்தும்படி தீர்ப்புச் சொன்னாள். திருப்பி நிறுத்தியதும் அவை வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டதென்று நினைத்து நடந்து கொல்லைக்குப் போய்விட்டன. அதோடு கீழவரிசை சண்டையை விட்டுவிட்டது. செவத்தையா மட்டும் தன் பங்குக்கு, காலையில் கடைக்கு எதிரே நிற்கும் யானையின் வெள்ளைப் பக்கத்தில் "இங்கு போஸ்டர் ஒட்டாதீர்" என்று எழுதலாமா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார்.

இவற்றுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஆசையாகப் பார்க்க ஒரு ஆள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. அவர்கள் எருமையை ஒதுக்கிப் போவதுபோல் பார்ப்பார்கள். பாய்க் கடை காதர் மைதீன் இறந்தபோது அது எல்லோருக்கும் புரிந்தது. அவருடைய மயில்கள் தெருவில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தன. நாளாக ஆக நிறம் வெளுத்தது, பிறகு வெங்காயச் சருகு மாதிரி மெலிந்தது, பிறகு ஒரு காலையில் அவர் வீட்டுச் சுவரின் அடியில் நனைந்த காகிதமாக ஒட்டிக் கிடந்தன. குப்பை வண்டியில் போட யாருக்கும் மனம் வரவில்லை. தெருக்காரர்கள் சுரண்டி எடுத்து ஒரு முறத்தில் வைத்து, கண்மாய்க் கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள்.

தவசிலிங்கத்துக்குக் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது அதற்கு அடுத்த வருஷம். மதுரையில் பார்த்த டாக்டர், கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவருக்கு வெளியே ஓடும் கரிசல் காடு ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒட்டகத்தைப் பார்த்தார். அதன் வாலும் கால் குளம்பும் வெளுத்திருந்தன. அவர் கண் எங்கிருந்து சுருங்கியதோ அங்கிருந்துதான் அவையும் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

கிளிதான் முதலில் போனது. சின்ன உருவம், ஓரத்திலேயே பறந்துகொண்டிருக்கும், அவர் கண்ணுக்கு அகப்படுவது கஷ்டம். ஒரு காலை அது வெள்ளையாக வந்து அவர் தோளில் உட்கார்ந்தது, உட்கார்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. வடிவு சொல்லித் திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"எனக்குப் பிறகு இதுகளை யார் பாப்பா?" என்றார் அவர் அன்றைக்கு, சாப்பாட்டில் கை வைக்காமல்.

"மொதல்ல ரசத்தைப் பாருங்க, ஆறுது" என்றாள் வடிவு.

அவருக்குச் சாவு பற்றிக்கூடக் கவலை இல்லை. இருக்கும்போதே, அவர் கண் முன்னால் என்றும் சொல்ல முடியாதபடி, கொல்லையில் ஒவ்வொன்றாக வெளுத்து முறத்துக்குப் போகுமே என்பதுதான் கவலை. மகனிடம் கேட்டார். ஓசூரிலிருந்து வீடியோவில் பேசிய மகன், "அப்பா, நாய் வளத்தாலே அசோசியேஷன்ல சத்தம் போடுறாங்க. யானைக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?" என்றான். அது நியாயம்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டார். தலைமையாசிரியை சந்தோஷமாக மான்களை வாங்கிக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு வரிசையாகப் போனார்கள். கொஞ்ச நாளில் அவளே மான்களைச் சுருட்டி எடுத்துவந்து, "சார், பூட்டி வச்சா பிடிக்கல போல. ரொம்ப இளைச்சிருச்சு" என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தாள்.

மரியசூசை தானே முன்வந்தார். "நான் பாக்கேன் மச்சான். எனக்குக் கண்ணு நல்லா இருக்கு, இன்னைக்கும் ஊசி கோக்கேன்" என்று நாற்காலி போட்டு ஒட்டகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்தார். ஆனால் அவர் எதைப் பார்த்தாலும் மனதுக்குள் தன் காண்டாமிருகத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார். ஒட்டகத்துக்கு நிறம் கொஞ்சம் திரும்பியது உண்மை, கூடவே மூக்கின் மேல் ஒரு சின்னக் கொம்பும் அரும்பியது.

"போதும் மச்சான், நிறுத்திக்கோ" என்றார் தவசிலிங்கம்.

"ஏன், முந்திக்கு இப்ப லட்சணமாத்தானே இருக்கு?"

கடைசியாகக் கோயம்புத்தூரிலிருந்து திருஞானம் என்பவர் காரில் வந்தார். தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, அதில் பெரிய ஆள் என்று சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, கையில் பூதக்கண்ணாடி, எழுபத்தைந்து வயது இருக்கும். யானையின் வாலிலிருந்து தும்பிக்கை வரை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தார். தவசிலிங்கம் பக்கத்திலேயே நின்றார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் தகப்பன் நிற்பதுபோல.

"நல்ல யானை" என்றார் திருஞானம். "சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? நானும் ஊர் ஊராப் போய்ட்டுதான் இருக்கேன். எந்த வீட்டுக்குப் போனாலும் எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்றாங்க. எனக்குக் கொடுங்கன்னு கேக்க ஒரு ஆள் இல்லீங்க. சேத்தவங்க எல்லாருக்கும் ஒரே சமயத்துல வயசாயிடுச்சு, அதான் விஷயம்."

"நீங்க வச்சுக்கலாமே?"

"என் வீட்ல நான் படுக்கறதுக்கே எடமில்லீங்க. புலி மட்டும் நாலு ரூம்ல இருக்குது."

காப்பி குடித்தார், வடிவைக் கும்பிட்டார், போய்விட்டார். கார் திருப்பத்தில் மறைந்த பிறகு கொல்லைக்குப் போன வடிவு அங்கிருந்தே கத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்க! காப்பியக் குடிச்சிட்டு ரெண்டு அன்னத்தை விட்டுட்டுப் போயிட்டான் மனுசன்!"

கிணற்றடியில் பூட்டுக்குப் பின்னால் நீல அன்னங்கள் இரண்டு, சுருட்டி வைத்திருந்த வளைவு இன்னும் நிமிராமல், கூச்சத்தோடு நின்றன. போன் செய்து பார்த்தார்கள், எடுக்கவில்லை. மரியசூசை விழுந்து விழுந்து சிரித்தார். தவசிலிங்கமும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு அவருக்குத் தீர்மானமாகிவிட்டது, இனி யாரும் இல்லை. அதிலிருந்து காலை எழுந்ததும் நாற்காலியை மேலவரிசையில் தன் வாசலில் போட்டு, ஒட்டகத்தையும் யானையையும் எதிரே நிறுத்தி, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, குழாய் மாதிரி இருந்த பார்வையைத் தும்பிக்கையிலிருந்து வால் வரைக்கும் கால் கால் அடியாக நகர்த்திக்கொண்டே இருந்தார். வெள்ளையடிக்கிற ஆள் மறுபடி மறுபடி அதே சுவரைத் தீற்றுவதுபோல. வால் வரைக்கும் போவதற்குள் தும்பிக்கை வெளுக்கும்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். எதிரே கீழவரிசையிலிருந்து செவத்தையா குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி! உங்க ஒட்டகத்துப் பின்பக்கத்துல குடை ஒண்ணு விரிஞ்சிருக்கே, பாத்தீகளா?"

"என்னது?"

"குடைங்கேன். கறுப்புக் குடை. நல்லாப் பெருசு, எங்க கடை மொத்தமும் உள்ள வந்துரும்."

தவசிலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. படம் சேர்ப்பவர்களுக்கு லேபிளின் பின்பக்கம் கோவில் கர்ப்பக்கிரகம் மாதிரி, அதில் பேனா படக்கூடாது, பென்சில் படக்கூடாது, பின்னால் பேர் எழுதிய படத்தை யாரும் மாற்றுக்கு வாங்க மாட்டார்கள். யார் வேலை என்று அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து சந்துக்குள் போய்த் தையல்கடை வாசலில் நின்றார்.

"ஏலே மரியசூசை! கடைசியில புத்தியைக் காட்டிட்டியே! வாயில்லா ஜீவன் பின்னால போயி வரைஞ்சு வச்சிருக்க!"

"என்னத்தை வரைஞ்சேன்?"

"குடை!"

"நான் எதுக்கு மச்சான் குடை வரையப்போறேன்? என் காண்டாமிருகத்து மேல சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்குக் காலர்கூட நேரா வரையத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

இருவரும் சத்தம் போட்டுக்கொண்டே தெருவுக்கு வந்தபோது, கீழவரிசைக் குழாயடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு வடிவு வந்தாள்.

"அந்த மனுசனை எதுக்கு வையிறீங்க? அது நான்தான்."

"நீயா? நீ எப்ப வரைஞ்ச?"

"வரையல. பாத்தேன்."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். அவளுக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"கொடம் நிறையிற வரைக்கும் அங்கனதான நிக்கிறேன் தினமும்? எதுத்தாப்புல வெள்ளையா நிக்கிது. எனக்கு அந்தப் பக்கம்தானே தெரியும்."

"அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ரோட்டுல பொறுக்கினவங்க. நாங்க ஒட்டினவங்க." வடிவு சொன்னாள். "பத்து வயசுல எங்கம்மாகூட உக்காந்து பெட்டி ஒட்டினேன்ல. லேபிளை மொகம் கீழ இருக்க அடுக்கி, முதுகுல பசை தடவி, தடவின கையோட பெட்டியில வச்சு அமுக்கி அந்தால தூக்கிப் போட்ரணும். திருப்பிப் பாத்தா பசை காஞ்சிரும், எங்கம்மா பொடதியில ஒண்ணு வைப்பா. ஒட்டின பெட்டி எல்லாம் ராத்திரியோட போயிரும். அதனால அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு நெனச்சுக்கிட்டே ஒட்டுவேன். இது குடை. இது ரயிலு. இது செருப்பு போட்ட பூனை. இப்ப அங்கன நிக்கையில அந்த நெனப்பு வந்துச்சு, அது பாட்டுக்கு வந்துருச்சு. அழிக்கணும்னா அழிச்சுக்கங்க. எனக்கு அழிக்கத் தெரியாது."

நாற்பத்தேழு வருஷம் அந்தப் பிஸ்கட் டின்னை அடுப்பில் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் அவள். பண்டிகைக்குப் பண்டிகை பரண் துடைக்கும்போது அதை எடுத்து, துடைத்து, திறக்காமல் வைத்தவள். ஒரு தடவையாவது திறந்து காட்டினோமா என்று தவசிலிங்கம் யோசித்துப் பார்த்தார். மரியசூசைக்குக் காட்டியிருக்கிறார், கோயம்புத்தூர்க்காரருக்குக் காட்டியிருக்கிறார், மின்வாரியத்து ஆளுக்குக்கூடக் காட்டியிருக்கிறார்.

"மதினி, செருப்பு போட்ட பூனை எங்கன இருக்கு?" என்று மரியசூசை ஆவலோடு கேட்டார்.

"மான் பின்னால. ஒரு செருப்புதான் வந்திருக்கு. இன்னொண்ணு நாளைக்கு வரும்."

மரியசூசை அப்போதே ஓடிவிட்டார்.  தவசிலிங்கம், தெருவைத் தடவிக்கொண்டு கடக்கிறவரைப்போல ஒரு கையை முன்னால் நீட்டியபடி, ஒட்டகத்தைத் தாண்டி, யானையைச் சுற்றிக்கொண்டு, கீழவரிசைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் காலை வேளையில் அவர் அந்தப் பக்கம் நின்றதே இல்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெளிச்சமாக இருந்தது. பக்கத்தில் போனார். யானையின் பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாதம் தெரிந்தது. மனிதப் பாதம், வெடித்த குதிகால், கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் தேய்ந்த மெட்டி. பார்வையை மெல்ல மேலே நகர்த்தினார். நூல் சேலையின் ஓரம் தெரிந்தது, அதில் காய்ந்த பசை. மடக்கிய முழங்கால் ஒரு குன்று போல் எழுந்து இறங்கியது. இடுப்பு, அதன் மேல் தளர்வாகக் கிடந்த ஒரு கை, விரல்களில் பசையில் கலக்கும் மயில்துத்தத்தின் நீலம். கால் கால் அடியாகப் பக்கவாட்டில் நடந்தார், யானை அசையாமல் நின்றது. தோள், கழுத்து, பாதி திறந்த வாய். கன்னத்துக்குக் கீழே இன்னொரு கையை மடித்து வைத்திருந்தாள். ஒரு ஓலைப்பாய், அதன் மேல் ஜன்னல் கம்பிகளின் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. யானையின் அகலம் முழுக்க ஒரு பெண் பட்டப்பகலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கோடும் நிறமும் ஒரு நூல்கூட விலகவில்லை. மூச்சு விடும்போது காகிதம் லேசாக உப்பி அடங்கியது.

"யாரு இது?" என்றார், அவரை அறியாமல் குரலைத் தாழ்த்தி.

வடிவும் பக்கத்தில் வந்து நின்று அதே தாழ்ந்த குரலில் சொன்னாள். "எங்கம்மா."

"தூங்குறாகளா?"

"ஆமா. பகல்ல எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல. ராத்திரியும் எனக்கு முந்தி தூங்கினதில்ல. ஒட்டும்போது அதைத்தான் ரொம்ப நெனப்பேன், இந்த லேபிளுக்கு அந்தப் பக்கம் எங்கம்மா தூங்குறான்னு."

அவர் மறுபடியும் பாதத்திலிருந்து தொடங்கி முகம் வரைக்கும் நடந்தார். மறுபடியும். கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவள் அந்த அம்மா, வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவருக்குக் கைகள் பரபரத்தன. பஸ் ஸ்டாண்டில் குனிந்து நடந்த நாளில் ஒரு புதுப் படம் கண்ணில் பட்டால் உள்ளங்கை எப்படி அரிக்குமோ அப்படி அரித்தது.

"வடிவு, இதை எனக்குக் குடேன்."

"என்ன தருவீங்க?"

"ஒட்டகம்."

"அது பாதி வெளுத்துப்போச்சு. மூக்குல கொம்பு வேற."

"ஒட்டகமும் பூட்டும்."

"சாவி இல்லாத பூட்டை வச்சு நான் என்ன செய்ய?"

"அன்னம் ரெண்டையும் எடுத்துக்கோ. மானையும் எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

வடிவு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், காய்கறிக்காரனிடம் யோசிப்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு.

"எல்லாத்தையும் நான் எடுத்துக்கிறேன்" என்றாள். "ஆனா இதைத் தரமாட்டேன். வேணும்னா தினமும் வந்து பாத்துட்டுப் போங்க."

அவர் வேறு எதையும் பேரம் பேசவில்லை. நடந்து போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கீழவரிசையில், டீக்கடை வாசலில் போட்டார். செவத்தையா தூளைக் கொட்ட வெளியே வந்தவர் கரண்டி டப்பாவில் இடிக்காமல் பார்த்துக்கொண்டார். யானையின் அந்தப் பக்கம், மேலவரிசைக்குத் தெரிந்த பக்கம், அன்றைக்கு மத்தியானத்துக்குள் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. இனி தங்கள் வாசலுக்குத்தான் வெறும் காகிதம் என்று மேலவரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள், இசக்கியம்மாளுக்குச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மீன்காரர் டிவிஎஸ் வண்டியில் திரும்பினார், ஒலிபெருக்கியில் சாளை, நெத்திலி என்று தெரு அதிரக் கூவிக்கொண்டு. தவசிலிங்கத்துக்கு வண்டி தெரியவில்லை, சத்தம் வந்த திசை தெரிந்தது. எழுந்து போய்த் தெருவின் நட்டநடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். மீன்காரர் பிரேக்கை அழுத்தி, அவர் வேட்டியைத் தொடுகிற தூரத்தில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, நடுரோட்டுல! கண்ணு தெரியலையா?"

"மெதுவாப் பேசுப்பா" என்றார் தவசிலிங்கம். "தூங்குறாங்க."

மீன்காரர் அவர் கை காட்டிய பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒலிபெருக்கியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வண்டியை விட்டு இறங்கினார்.

"யாரு அண்ணாச்சி?"

"எங்க அத்தை."

மீன்காரர் தலையை ஆட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல், யானையைத் தாண்டும் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.